தீவகத்துச் சுழியோடி பிடித்துத் தரும் கோமாளி மீனா, கொழும்பில் விற்கும் பண்ணை மீனா?

உப்புத்தொட்டி, கொக்குவில்

வணக்கம். ஆறு ஆண்டுகளாக நன்னீர் மீன்களை மட்டும் வளர்த்து வந்த நான், கடந்த தை மாதத்தில் 250 லீற்றர் கொள்ளளவுள்ள கடல்நீர்த் தொட்டியொன்றை அமைத்தேன். மூன்று மாதங்களாக மீனில்லாமலே ஓடவிட்டிருக்கிறேன். மீனுக்கு நஞ்சாகும் அமோனியாவும் நைத்திரைற்றும் இப்போது பூச்சியமாகவே காட்டுகின்றன. முதல் மீனாக ஒரு சோடி கோமாளி மீன்களை விட விரும்பினேன். சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

கடலில் மூழ்கிக் கடலட்டை எடுக்கும் தீவகத்து நண்பர் ஒருவர், மீன் சோடியையும், அவை குடியிருக்கும் கடற்சாமந்தி என்ற பூப்போன்ற கடல் விலங்கையும், உயிருள்ள முருகைக்கல் (பவளக்கல்) இரண்டு மூன்றையும் ஒரே பயணத்தில் கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறார். அவர் கேட்கும் தொகை, பண்ணையில் குஞ்சு பொரித்து வளர்த்த சோடி ஒன்றுக்குக் கொழும்புக் கடையில் சொன்ன விலையில் பாதிகூட இல்லை. ரொறன்ரோவிலுள்ள என் மருமகனோ, கடலில் பிடித்த மீனை இக்காலத்தில் வாங்குவதே தவறு என்று எழுதுகிறான். இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் தந்தையார், "நாள்தோறும் ஓராவும் விளைமீனும் வாங்கிக் குழம்பு வைக்கிற வீட்டில், இரண்டு சின்ன மீனைக் கண்ணாடிக்குள் விட்டு வளர்ப்பதற்கு இவ்வளவு விசாரணையா?" என்றார். எனக்கு மறுமொழி சொல்லத் தெரியவில்லை. நண்பரின் உதவியை ஏற்கலாமா, சட்டம் என்ன சொல்கிறது, மீனின் நலனுக்கு எது நல்லது என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

நீரியல் மாணவி, திருநெல்வேலி

உங்கள் தந்தையாரின் கேள்வி சிரித்துவிட்டுக் கடந்துபோகக் கூடியதன்று. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் நண்பரின் மூன்று பொருட்களில் ஐயத்துக்கே இடமில்லாதது அதுதான். இலங்கையில் கன்முருகைகள் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதைக் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் தடைசெய்கிறது. நெடுந்தீவின் முருகைக்கல் வேலிகளைப் பார்த்துப் பழகிய நம் கண்ணுக்கு அது வெறுங்கல்லாகத் தெரிவது இயல்பு. ஆனால் உயிருள்ள கல்லைப் பெயர்த்து எடுப்பவரும் அதை வீட்டில் வைத்திருப்பவரும் சட்டத்தின் முன் ஒருசேர நிற்க நேரிடும். கல்லை மறந்துவிடுங்கள்.

அடுத்தது கடற்சாமந்தி. அது மெல்ல வளர்ந்து நெடுங்காலம் வாழும் உயிர். மூன்று மாதத் தொட்டியில் அதற்குப் போதிய ஒளியும் நிலையான நீரும் கிடைப்பது அரிது. இறந்து கரைந்தால் தொட்டியிலுள்ள மற்றவற்றையும் கொன்றுவிடும். தொட்டியில் கோமாளி மீனுக்குச் சாமந்தி தேவையே இல்லை, ஏனெனில் அங்கே அதைத் துரத்தும் பெருமீன் எதுவுமில்லை. கடலிலோ தேவை இருபுறமும் உண்டு: காவலிருக்கும் மீன்களை அகற்றிவிட்டால், வண்ணத்துப்பூச்சி மீன்கள் வந்து சாமந்தியைக் கொறிக்கத் தொடங்குகின்றன.

தந்தையாருக்கான விடையின் ஒரு பகுதி இங்கேயே இருக்கிறது. ஓரா கூட்டமாகத் திரிவது, முட்டைகளை ஏராளமாக இடுவது. கோமாளி மீனோ ஒரு சாமந்தியில் ஒரு பெண், அதன் ஆண், பருவமடையாத சிறியவை சில என்று குடியிருப்பது. பெண்ணைப் பிடித்தால் ஆண் பெண்ணாக மாறும், சிறியவற்றில் பெரியது ஆணாகும். சோடியாகவே அள்ளிவிட்டால் அந்த வீடு மீண்டும் முட்டையிட நெடுநாளாகும். உணவுக்கு மீன் பிடிப்பவர் எடையைப் பார்க்கிறார், தொட்டிக்குப் பிடிப்பவர் நிறத்தையும் அருமையையும் பார்க்கிறார். அதனால் எண்ணிக்கை சிறிதாக இருந்தாலும் சுமை ஒரே இனத்தின்மீது, ஒரே திட்டின்மீது விழுகிறது.

இன்னொரு செய்தி. கடையில் நீங்கள் பார்த்த, செம்மஞ்சள் உடலில் மூன்று வெண்பட்டை கொண்ட ஒசெல்லாரிஸ் வேறு. நம் கடலில் பரவலாகக் காணப்படும் கிளார்க்கின் கோமாளி மீன் வேறு. பின்னது பெரிதாக வளரும், சண்டைக் குணமும் மிகுதி. பாதி விலைக்குக் கிடைப்பது நீங்கள் விரும்பிய அதே மீன் அன்று.

சாட்டிக்கரை

மேலே எழுதியவர் கல்லையும் சாமந்தியையும் பற்றிச் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆயினும் கடலில் பிடித்த மீன் என்றாலே குற்றம் என்பது போல ரொறன்ரோவிலிருந்து எழுதுவது எளிது. நான் 11 ஆண்டுகள் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் ஏற்றுமதிக்காக மீன் பிடித்த சுழியோடி. வாடைக் காலத்தில் கிழக்குக் கடல் கொந்தளிக்க, மேற்கே கற்பிட்டிப் பக்கம் போவோம். சோளகம் எழுந்தால் மீண்டும் கிழக்கு. ஆண்டு முழுவதும் ஒரே முருகைப்பாறை அடிபடாமல் அதற்கு ஓய்வு கொடுத்தது கடற்றொழில் திணைக்களமன்று, காற்று.

ஒழுங்காகப் பிடிப்பவனின் கருவி ஒரு சிறு தடுப்பு வலையும் ஒரு கைவலையும்தான். மீனைக் காயப்படுத்தாமல் ஒதுக்கி, பையிலிட்டு, மெதுவாக மேலே கொண்டுவர வேண்டும்; அவசரப்பட்டால் அதன் காற்றுப்பை வீங்கிவிடும். அவசரப்பட்டவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். மொக்சி வலையை முருகையின்மேல் குடைபோல் கவிழ்த்து, மீன் வெளியே வர வேண்டுமென்று கிளைகளைக் கம்பியால் உடைத்தவர்களும் எங்கள் வள்ளத்திலேயே இருந்தார்கள். அந்த வலை சட்டப்படி தடைசெய்யப்பட்டது, தடை சரியானதும்கூட. ஆனால் 1998இல் கடல் சூடேறிக் கற்பிட்டியிலும் ஹிக்கடுவையிலும் முருகைகள் வெளுத்து மடிந்தபோது, அதைச் செய்தது எந்த வலை?

குஞ்சு பொரிக்கும் பண்ணை புளோரிடாவிலும் இருக்கலாம், கொழும்புக்கு அருகிலும் இருக்கலாம். முருகைப்பாறைக்கு அருகே வாழும் குடும்பத்துக்கு அதனால் ஒரு சதமும் வருவதில்லை. உயிர்மீனுக்கு விலையிருக்கும் வரையில் முருகைப்பாறை உயிரோடிருக்க வேண்டுமென்ற அக்கறை அந்தக் குடும்பத்துக்கு இருக்கும். விலை போய்விட்டால் அதே பாறையில் வேறு வலை விழும். இதையும் கணக்கில் சேருங்கள்.

பருத்தித்துறைக் கிணற்றடி

நான் வீட்டு முற்றத்தில் கோமாளி மீன் குஞ்சு பொரிப்பவன், எனவே என் சார்பு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மீன்களைத் தொட்டியில் பொரித்து விற்பது 1970களிலேயே தொடங்கிவிட்டது. இந்தியாவில் மண்டபத்து மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் இதைச் செய்து காட்டியிருக்கின்றன. பாக்குநீரிணைக்கு அப்பால் இயல்வது இப்பால் இயலாமல் போகாது என்ற துணிவில்தான் நானும் இறங்கினேன்.

இறங்கிய பின்தான் அருமை தெரிந்தது. சோடி முட்டையிட்டு, ஆண்மீன் செட்டையால் விசிறிக் காத்து, ஒரு வாரத்துக்குச் சற்று முன்பின்னாக இருட்டிய பிறகு குஞ்சுகள் வெளிவருகின்றன. கண்ணுக்குத் தெரியாத ரொட்டிபர் என்னும் நுண்ணுயிரை முதல் நாளிலிருந்தே ஊட்ட வேண்டும். ரொட்டிபருக்குப் பச்சைப் பாசிநீர் வேண்டும். பாசிக்கு வெளிச்சமும் தூய நீரும் வேண்டும். என் முதல் நான்கு பொரிப்புகளும் ஐந்தாம் நாளைக் காணவில்லை. ஒன்று மின்வெட்டில் போனது, ஒன்று மாரி மழையில் நான் அள்ளி வந்த பரவைக்கடல் நீரின் உப்பு குறைந்திருந்ததால் போனது, மற்ற இரண்டும் என் சோம்பலால் போயின. ஐந்தாவதில் 60 குஞ்சுகள் தப்பின. பத்துப் பன்னிரண்டு நாளில் வெண்பட்டை விழுவதைப் பார்த்தபோது வீட்டிலுள்ள எல்லோரையும் எழுப்பிவிட்டேன். கடைக்காரர் கேட்கும் விலையில் இந்த இரவுகளும் அடங்கும்.

கோமாளி மீன் முட்டையைக் கல்லில் ஒட்டுவதாலும், குஞ்சு சற்றுப் பெரிய வாயுடன் பிறப்பதாலும்தான் இவ்வளவும் இயல்கிறது. டாங் வகை மீன்கள் முட்டைகளை எதிலும் ஒட்டாமல் நீரிலேயே சிதறவிடுகின்றன. அவற்றின் குஞ்சு பல வாரங்கள் மிதந்து திரியும், அதன் வாய்க்கு ரொட்டிபரும் பெரிது. மஞ்சள் டாங்கை ஹவாயில் 2015இலும், நீல டாங்கைப் புளோரிடாவில் 2016இலும்தான் முதன்முறையாக வளர்த்தெடுத்தார்கள். ஆகவே பண்ணை மீனை மட்டுமே வாங்குவேன் என்று நோன்பிருப்பவருக்குக் கடலிலுள்ள பெரும்பாலான இனங்கள் இன்றும் கிடைக்கமாட்டா.

வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. தொட்டியில் பொரித்த மீன் வேறு, கடலில் சிறிதாகப் பிடித்துத் தொட்டியில் சில வாரம் வளர்த்த மீன் வேறு. இரண்டையும் ஒரே சொல்லால் விற்ற கடையொன்றில் நானே ஏமாந்திருக்கிறேன். கடைக்காரரிடம் குருணைத் தீனியைப் போடச் சொல்லிப் பாருங்கள். பொரித்த மீன் கையைக் கண்டதும் மேலே வரும். புதிதாகக் கடலிலிருந்து வந்தது ஒதுங்கி நிற்கும், பெரும்பாலும் தோல் உரியும் புரூக்ளினெல்லா நோயையும் கூடவே கொண்டு வரும். பண்ணை மீனுக்கும் குறையுண்டு: பட்டை கோணலாக விழுவதும் செவுள்மூடி குட்டையாக இருப்பதும் இயல்பாகவே காணப்படும். பட்டையை விடுங்கள், செவுளைக் கட்டாயம் பாருங்கள்.

நீரியல் மாணவி, திருநெல்வேலி

சாட்டிக்கரை அண்ணா எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் விலையிருந்தால் அக்கறை தானாக வரும் என்பதை எல்லா இடத்துக்கும் பொருத்த முடியாது. இந்தோனேசியாவின் பங்காய்த் தீவுகளை அண்டி மட்டுமே இயற்கையாக வாழும் பங்காய்க் கார்டினல் மீனுக்கு நல்ல விலையிருந்தது. விளைவு, அது 2007இல் அழியும் நிலையிலுள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டது. அதன் ஆண் முட்டைகளை வாயில் அடைகாத்து, நீந்தும் குஞ்சுகளாகவே வெளியே விடுகிறது. அதனால் குஞ்சுகள் நீரோட்டத்தில் தொலைதூரம் பரவுவதில்லை. ஒரு திட்டைத் துடைத்துவிட்டால் அடுத்த திட்டிலிருந்து வந்து நிரப்ப ஆளில்லை. அதே இயல்பால்தான் தொட்டியில் அதைப் பெருக்குவதும் எளிது. இத்தகைய இனத்தைக் கடலிலிருந்து எடுப்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

ஹவாயில் நடந்தது வேறு. மேற்குக் கரையின் ஏறக்குறைய 35 விழுக்காட்டை 1999 முடிவில் தொட்டி மீன் பிடிப்புக்கு மூடினார்கள். எஞ்சிய பகுதியில் பிடிப்புத் தொடர்ந்தது. மூடிய பகுதிகளில் மஞ்சள் டாங் பெருகியது. பிறகு சுற்றுச்சூழல் ஆய்வு இல்லாமல் அனுமதி வழங்கியது செல்லாதென 2017இல் ஹவாய் உச்ச நீதிமன்றம் கூறியது, 2021இல் மேற்குக் கரையிலும் பிடிப்பு நின்றது. முதல் ஏற்பாடு மீனையும் மீனவரையும் ஒருசேர நினைத்தது என்பது என் கருத்து. இரண்டாவதைப் பற்றி இங்கே பலர் வேறாக நினைக்கலாம்.

நம் நாட்டில் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டமும், அதன் கீழான 1998ஆம் ஆண்டு உயிர்மீன் ஏற்றுமதி இறக்குமதி ஒழுங்குவிதிகளும் உள்ளன. ஏற்றுமதியே கூடாத இனங்களுக்கு ஒரு பட்டியலும், அனுமதியுடன் அனுப்பக்கூடியவற்றுக்கு இன்னொன்றும் உண்டு. உள்ளூர்த் தொட்டிக்காகப் பிடிப்பதானாலும், உங்கள் நண்பர் முதலில் மாவட்டக் கடற்றொழில் அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது அவருக்கே பாதுகாப்பு. களங்கண்ணியில் அகப்பட்ட கடற்குதிரையை யாராவது கொண்டுவந்து நீட்டினால் அதையும் வாங்காதீர்கள். பன்னாட்டு வணிகம் 2004 முதல் கட்டுப்படுத்தப்பட்ட உயிர் அது, உயிருள்ள இரையன்றி எளிதில் தின்னாது.

உப்புத்தொட்டி, கொக்குவில்

அனைவருக்கும் நன்றி. கல்லும் சாமந்தியும் வேண்டாமென்று நண்பரிடம் நேற்றே சொல்லிவிட்டேன். அவர் வருந்தவில்லை, கல்லைப் பெயர்ப்பது தமக்கும் பிடிக்காத வேலை என்றார். பருத்தித்துறைக் கிணற்றடி அவர்கள் இசைந்தால், கொழும்புக்குப் பணம் அனுப்புவதை விட, அவருடைய அடுத்த பொரிப்பிலிருந்து சிறிய மீன்கள் இரண்டை வாங்கிக்கொள்ள விரும்புகிறேன். இரவுப் பேருந்தில் ஒட்சிசன் பையுடன் பத்து மணிநேரம் குலுங்கி வர வேண்டிய தேவையும் அவற்றுக்கு இல்லை. என்ன விலை என்பதைத் தனிமடலில் அறியத் தாருங்கள். தந்தையாரிடம் ஆண்மீன் பெண்ணாக மாறுவதைச் சொன்னேன். நம்பவில்லை, மீன் வந்த பிறகு தாமே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார்.

பருத்தித்துறைக் கிணற்றடி

தாராளமாக. வைகாசி நடுப்பகுதியில் வாருங்கள். வரும்போது உங்கள் தொட்டி நீரில் ஒரு போத்தல் கொண்டுவந்தால், உப்பின் அளவை இங்கேயே ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.