மறு: மக்தபுக்கு ஏசி – சந்தா

அஸ்ஸலாமு அலைக்கும்.

பொருளாளர் காக்கா, ஊரில் நம் பிள்ளைகள் குர்ஆன் ஓதப் படிக்கும் மக்தபுக்கு ஏசி போட ஆளுக்கு 300 திர்ஹம் கேட்டிருக்கிறீர்கள். தருகிறேன், ஆனால் ஏசிக்கு இல்லை.

போன மாதம் ஊருக்குப் போன எங்கள் ராத்தா, பேரனை மக்தபில் விட்டுவிட்டு ஜன்னலோரம் நின்றிருக்கிறார். அறுபது பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்க ஒரே ஹஜ்ரத். பெரிய பிள்ளைகள் யாசீன் சூரா ஓத, அலிஃப் பே என்ற அரபு எழுத்தே பிடிபடாத ஐந்து வயதுச் சின்னதுகள் மூலையில் சும்மா உட்கார்ந்திருக்கின்றன. ஒருவன் அடுத்தவன் முறுக்கைப் பிடுங்கியிருக்கிறான். பிரம்படி விழுந்தது பறிகொடுத்து அழுதவனுக்கு! ஹஜ்ரத்தைக் குறை சொல்லவில்லை. ஐந்து வேளை தொழவைப்பது, மையித்து (இறப்பு) வீடு, நிக்காஹ் எல்லாம் அந்த ஒரு மனுஷர்தான்.

சிறுவர் உமர் இப்னு அபீஸலமாவின் கை சாப்பாட்டுத் தட்டில் அங்குமிங்கும் அலைந்தபோது நபி (ஸல்) அவர்கள் மூன்றே விஷயம் சொன்னார்கள்: பிஸ்மில்லாஹ் சொல், வலக்கையால் சாப்பிடு, உன் பக்கம் இருப்பதைச் சாப்பிடு. கடைசிவரை அப்படித்தான் சாப்பிட்டார் அவர். அனஸ் (ரலி) நபியவர்களுக்குப் பத்து வருசம் பணிவிடை செய்தும் ஒரு 'சீ' வாங்கியதில்லை. தொழுகைக்கே 7 வயதில்தான் ஏவச் சொல்லியிருக்கிறது, 5 வயதுக்குப் பிரம்பு எதற்கு?

சின்னதுகளுக்கென்று மார்க்கம் படித்த பெண், ஓர் ஆலிமாவை வைப்போம். லுக்மான் தன் மகனுக்குச் சொன்ன புத்திமதி குர்ஆனின் 31ஆவது சூராவில் (அத்தியாயத்தில்) இருக்கிறது. தொழுகையை நிலைநாட்டு, பெருமையடித்து நடக்காதே, குரலைத் தாழ்த்து, சத்தங்களிலேயே மோசமானது கழுதையின் சத்தம். கதையாகச் சொல்லட்டும். கழுதைச் சத்தம் வரும் இடத்தில் பிள்ளைகள் சிரிக்கும், அப்புறம் மறக்காது.

கடமையான தர்மமாகிய ஜக்காத்திலிருந்து ஏசிக்கு எடுக்கலாம் என்று சவூதி மச்சான் எழுதியிருக்கிறார். குர்ஆனின் 9:60 ஆயத்தில் ஜக்காத் பெற எட்டுக் கூட்டத்தாரைச் சொல்லியிருக்கிறது, கட்டடச் செலவுக்கு ஆகாது என்பதுதான் பெரும்பாலான ஆலிம்களின் பேச்சு. ஏசியை, விரும்பிக் கொடுக்கும் தர்மமான சதக்கா கணக்கில் வையுங்கள்.

மேலத்தெரு மக்தபில் ஏசி இருக்கிறதாம், நமக்கு மானம் போகிறதாம். பள்ளிவாசல் மினாராவின் செலவுக் கணக்கைக் கேட்டபோது போகாத மானமா? கேட்டவனை மடக்க எங்கள் வாப்பா கொடுத்த மனையை மறுபடி இழுக்காதீர்கள். பத்திரம் என் கையில் இருக்கிறது.

மினாரா கணக்கு குழுவுக்கு வரட்டும். ஆலிமாவின் ஒரு வருசச் சம்பளத்தில் பாதி என்னுடையது. மீதிப் பாதிக்கு யார் வருகிறீர்கள்?