மூச்சு இரைக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்

ஓட்டக்காரி:

வேகமாக ஓடி நின்றதும், இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை விழுக்காடு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும், பேச வாய் வராது, நெஞ்சே வெடித்துவிடும் போல இருக்கும். அந்த நிலையில் விரலை ஆட்டாமல் பிடித்துக்கொண்டிருந்தால் கருவி 97 என்கிறது. சாய்ந்து உட்கார்ந்து படிக்கும்போது பார்த்தால் 98. இரத்தத்தில் ஆக்சிஜன் அப்படியேதான் இருக்கிறது என்றால் இந்தத் தவிப்பு எதற்கு? ஆக்சிஜன் பற்றாமல்தான் இரைக்கிறது என்றுதானே எல்லோரும் சொல்கிறோம்? ஓடுகிறவர்கள், நீந்துகிறவர்கள், மருத்துவத் துறையில் இருக்கிறவர்கள் தாங்கள் கண்டதை எழுதுங்கள்.

சோதனைக்கூடத்துக்காரர்:

முகமூடி மாட்டி சைக்கிள் மிதிக்க வைத்து, உள்ளே போகும் காற்றையும் வெளியே வரும் காற்றையும் மூச்சுக்கு மூச்சு அளப்பது என் வேலை. நீங்கள் கேட்பதைத் திரையில் அடிக்கடி பார்க்கிறேன்.

சும்மா உட்கார்ந்திருப்பவர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 12 முதல் 16 முறை மூச்சு விடுவார். ஒரு மூச்சு அரை லிட்டர் இருக்கும். ஆக 6 முதல் 8 லிட்டர் காற்று. இதில் வேலை எல்லாம் உள்ளிழுப்பதில்தான். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானத் தசை சுருங்கிக் கீழே இறங்குகிறது, விலா எலும்புகள் கொஞ்சம் விரிகின்றன, காற்று உள்ளே வருகிறது. வெளியே விடத் தசை எதுவும் பாடுபட வேண்டாம். இழுத்து விட்ட ரப்பர் போல நுரையீரல் தானாகச் சுருங்கிக்கொள்ளும்.

"மிதியுங்கள்" என்று சொன்னவுடன் நடப்பதுதான் இன்றும் எனக்கு வியப்பு. கால் சுற்றத் தொடங்கும்போதே மூச்சின் கோடு மேலே தாவிவிடும். இரத்தத்தில் வாயுக்களின் அளவு மாற அதற்குள் நேரமே இல்லை. காலை அசைக்கச் சொல்லும் மூளை, கூடவே மூச்சு மையத்துக்கும் சொல்லிவிடுகிறது. அசையும் மூட்டுகளிலிருந்தும் தசைகளிலிருந்தும் செய்தி போகிறது. தேவை எழுவதற்கு முன்பே ஏற்பாடு தொடங்கிவிடுகிறது!

அடுத்து ஆழம் கூடும். அரை லிட்டர் மூச்சு ஒன்றரை லிட்டராகும், இரண்டு லிட்டராகும். எண்ணிக்கை முழு வேகமெடுப்பது அதற்குப் பிறகுதான். இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு மூச்சிலும் சுமார் 150 மில்லிலிட்டர் தொண்டையிலும் மூச்சுக்குழாய்களிலுமே தங்கிவிடும், காற்றறைகளை எட்டாது. 500 மில்லிலிட்டர் வீதம் 14 மூச்சு விட்டால் 7 லிட்டரில் 4.9 லிட்டர் பயன்படும். அதே 7 லிட்டரை 250 மில்லிலிட்டர் வீதம் 28 மூச்சாக விட்டால் 2.8 லிட்டர்தான் மிஞ்சும். மேலோட்டமாகப் படபடவென்று மூச்சு விடுகிறவர்கள் எவ்வளவு உழைப்பை வீணாக்குகிறார்கள் என்று பாருங்கள்.

இனி உங்கள் கேள்வி. மூச்சை நொடிக்கு நொடி ஆள்வதில் ஆக்சிஜனைவிடக் கார்பன் டை ஆக்சைடுக்குத்தான் பெரிய பங்கு. ஹால்டேன், பிரீஸ்ட்லி என்ற உடலியல் ஆய்வாளர்கள் 1905-இல் இதைக் காட்டினார்கள். அது சற்று ஏறினாலும் அமிலத்தன்மை கூடும். மூளையின் முகுளத்தில் உள்ள உணரிகள் அதைக் கண்டுகொண்டு மூச்சைக் கூட்டும். மிதமான உழைப்பு வரைக்கும் இந்த ஏற்பாடு மிகத் துல்லியமானது. தமனி இரத்தத்தில் இரண்டு வாயுக்களும் ஏறக்குறைய ஓய்வில் இருந்த அளவிலேயே நிற்கும்.

உழைப்பு ஓர் எல்லையைத் தாண்டினால் கதை மாறும். உழைக்கும் தசைகளில் உண்டாகும் லாக்டிக் அமிலம், அகற்ற முடிவதைவிட வேகமாகச் சேரும். இரத்தத்தில் அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட் அதைச் சமன் செய்யும்போது கூடுதலாகக் கார்பன் டை ஆக்சைடு பிறக்கும், அதையும் வெளியேற்றியாக வேண்டும். அந்த இடத்தில் கோடு சட்டென்று நிமிரும். எனக்குத் திரை கூட வேண்டாம். அதுவரை முழு வாக்கியத்தில் பதில் சொன்னவர் "ம்", "சரி" என்று சுருங்கிவிடுவார். நல்ல பயிற்சி உள்ளவர்கள் நிமிடத்துக்கு 150 லிட்டர் வரை கூடப் போவார்கள். நீங்கள் உணரும் தவிப்பு அவ்வளவு காற்றை அசைக்கும் உழைப்பும், கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றும் நெருக்கடியும்தான்.

குளத்துக் காவலர்:

மேலே நண்பர் சொன்னதை நீரில் இறங்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். நான் நீச்சல் குளத்தில் உயிர்காப்பாளர். ஒரு பையன் கரையில் நின்று வேகவேகமாக மூச்சை இழுத்து இழுத்து விட்டான். நண்பர்களோடு பந்தயம், யார் அதிக தூரம் முங்கு நீச்சலில் போவது என்று. முங்கினான். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தான். திடீரென்று கை கால் அசைவு நின்றுவிட்டது. உதறலோ தத்தளிப்போ எதுவுமே இல்லை. உடனே குதித்து இழுத்துப் போட்டோம், மூச்சு திரும்பியது, மருத்துவமனைக்கு அனுப்பினோம். பிழைத்துக்கொண்டான்.

அப்படி வேகமாக மூச்சு விட்டால் இரத்தத்தில் ஆக்சிஜன் பெரிதாக ஏறிவிடாது, அது முன்பே ஏறக்குறைய நிரம்பித்தான் இருக்கிறது. குறைவது கார்பன் டை ஆக்சைடு மட்டுமே. மூச்சு முட்டுகிறது, மேலே வா என்று எச்சரிப்பது அதுதான். எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்துவிட்டு முங்குகிறோம். மூச்சு முட்டும் முன்பே மூளைக்கு ஆக்சிஜன் தீர்ந்து நினைவு போய்விடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கும் இது நடக்கும். தயவுசெய்து யாரும் இப்படித் தம் கட்டிப் பந்தயம் விடாதீர்கள், விடுகிறவர்களைப் பார்த்தால் தடுங்கள்.

இன்ஹேலர் தோழி:

எனக்கு வேறு மாதிரி. ஓடும்போது பெரிய தொந்தரவு இருக்காது. நின்று ஐந்து பத்து நிமிடம் கழித்துத்தான் நெஞ்சு இறுகும், விசில் சத்தம் கேட்கும், இருமல் பிடித்துக்கொள்ளும். மற்றவர்கள் எல்லாம் ஆசுவாசமாக இருக்கும் நேரத்தில் எனக்கு மட்டும் அவஸ்தை. வேகமாக மூச்சு விடும்போது வறண்ட காற்று நிறைய உள்ளே போய், மூச்சுக்குழாய்களின் ஈரத்தை எடுத்துவிடுவதால் அவை சுருங்குகின்றன என்று மருத்துவர் விளக்கினார். ஓட்டத்துக்கு முன்பு இன்ஹேலர் எடுக்கச் சொன்னார், கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூட்டச் சொன்னார். இப்போது ஓடுகிறேன். "தெம்பு பத்தல" என்று சொல்லி இதை ஒதுக்கிவிடாதீர்கள்.

வார்டு பிசியோ:

ஓட்டக்காரி அவர்களே, ஓடி நின்றதும் குனிந்து முழங்காலில் கை ஊன்றுவீர்கள்தானே? என் நோயாளிகளும் அதையேதான் செய்கிறார்கள், மேசையில் கை ஊன்றி. யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. கை ஊன்றித் தோள் நிலைத்துவிட்டால், கழுத்திலும் மார்பிலும் இருக்கும் தசைகள் விலா எலும்புகளைத் தூக்க உதவிக்கு வரும்.

ஆனால் உங்களுக்கும் அவர்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம். உழைக்கும்போது உங்கள் வயிற்றுத் தசைகள் காற்றை அழுத்தி வெளியே தள்ளி, அடுத்த மூச்சுக்கு இடம் பண்ணுகின்றன. புகைபிடித்து நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வந்தவர்களுக்கு வெளியே விடும் வழியே குறுகிவிட்டது. வேகமாக நடந்தால் மூச்சின் எண்ணிக்கை கூடும், வெளியே விடக் கிடைக்கும் நேரம் குறையும், பழைய காற்று உள்ளேயே தேங்கும். நெஞ்சு நிரம்பிக் கிடக்கும்போது புதுக் காற்றுக்கு எங்கே இடம்? ஐயா ஒருவர் "இழுக்க முடியலம்மா, இழுக்க முடியல" என்பார். நான் அவரிடம் விடுவதைப் பற்றி மட்டும்தான் பேசினேன். உதட்டைக் குவித்து, விளக்கை அணைக்காமல் சுடர் ஆடும் அளவுக்கு ஊதுவது போல மெதுவாக விடச் சொன்னேன். அப்படி விட்டால் மூச்சுக்குழாய்கள் சீக்கிரம் மூடிக்கொள்ளாது. வார்டின் கடைசி வரை நடந்து போய் அவர் திரும்பியபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஓட்டக்காரி:

எல்லோருக்கும் நன்றி. இன்னும் ஒன்று. முன்பு இரைத்த வேகத்தில் இப்போது பேசிக்கொண்டே ஓடுகிறேன். நுரையீரல் பெரிதாகிவிட்டதா?

சோதனைக்கூடத்துக்காரர்:

இல்லை. பெரியவர்களுக்குப் பயிற்சியால் நுரையீரல் பெரிய அளவில் வளராது, வளரவும் தேவையில்லை. காற்றறைகளின் பரப்பு சுமார் 70 சதுர மீட்டர் அங்கே விரிந்து கிடக்கிறது. உள்ளிழுக்கும் காற்றில் 21 விழுக்காடு ஆக்சிஜன், ஓய்வில் வெளியே விடுவதில் இன்னும் 16 விழுக்காடு மிச்சம். உங்களிடம் மாறியவை இதயமும் தசையும். ஓய்வில் நிமிடத்துக்கு 5 லிட்டர் இரத்தம் இறைக்கும் இதயம் கடும் உழைப்பில் 20 லிட்டருக்கு மேல் இறைக்கிறது. பயிற்சி கூடக்கூட ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தம் போகும். தசை அதிலிருந்து ஆக்சிஜனை நன்றாக உறிஞ்சக் கற்றிருக்கிறது. அதே வேகத்தில் லாக்டிக் அமிலம் குறைவாகச் சேருகிறது, அதனால் மூச்சும் குறைவாகப் போதும்.

அந்த 97-ஐப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஓய்வில் ஒரு சிவப்பணு நுரையீரலின் நுண்குழாயைக் கடக்க ஏறக்குறைய முக்கால் நொடி ஆகும். ஆக்சிஜன் நிரம்பக் கால் நொடி போதும். நீங்கள் முழு வேகத்தில் ஓடும்போது அந்தப் பயணம் கால் நொடி வரை சுருங்கும், அப்போதும் நிரம்பிவிடுகிறது. உச்சத்தில் இருக்கும் சில தடகள வீரர்களுக்கு மட்டும் இதயம் இரத்தத்தை அதைவிட வேகமாகத் தள்ளுவதால், கடும் ஓட்டத்தில் ஆக்சிஜன் அளவு உண்மையாகவே இறங்குவது உண்டு. சாதாரணமாக நடக்கும்போதே யாருக்காவது அந்த எண் இறங்கினால் அது வேறு விஷயம், மருத்துவரிடம் காட்ட வேண்டும்.