விரலில் 98, காலில் உளைவு: உங்கள் வீட்டு அனுபவம் என்ன?

வடலி (கொக்குவில்):
அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. இளமையில் சுருட்டுக் கொட்டிலில் வேலை. சுற்றியதில் பாதியைத் தானே பிடித்திருப்பார் என்று அம்மா இப்போதும் சொல்லுவா. திருநெல்வேலிச் சந்தைக்கு நடந்து போகும்போது வலது கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கும். மதிலில் கை வைத்துக் கொஞ்சம் நிற்பார், விட்டுவிடும். மறுபடி நடந்தால் அதே அளவு தூரத்தில் மறுபடி பிடிக்கும். வாதம் என்றுதான் ஊரில் எல்லோரும் சொன்னார்கள். எண்ணெய்ப் போத்தல்கள் வந்து குவிந்தன. கனடாவிலிருந்து அண்ணா ஒரு ஸ்மார்ட் வோச் அனுப்பினார். அதில் இதயத்துடிப்பு, ஒட்சிசன் எல்லாம் திறம். கொரோனாக் காலத்தில் வாங்கிய ஒக்சிமீற்றரிலும் 98. அப்பாவுக்குப் பெரிய சந்தோஷம்: "பார், மெஷினே சொல்லுது, எனக்கு ஒண்டுமில்லை."

கிளினிக்கில்தான் விஷயம் வெளித்தது. படுக்க வைத்து, கையிலும் கணுக்காலிலும் பிரஷர் பட்டி கட்டி, ஜெல் பூசி, இரத்தோட்டத்தைச் சத்தமாகக் கேட்கவைக்கும், பேனா அளவிலான ஒரு டொப்ளர் கருவியை வைத்தார்கள். இடது காலில் சத்தம் சாட்டை சொடுக்கினதுபோல வெட்டி வெட்டி வந்தது. வலது காலில் 'உஸ்ஸ்' என்று ஒரே இழுவை. கையில் 140, வலது கணுக்காலில் 84. வகுத்தால் 0.6. 0.9 அல்லது அதற்குக் கீழே என்றால் காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடியில் அடைப்பு என்று விளங்கப்படுத்தினார்கள்.

உங்கள் வீடுகளில் வோச், சென்சர் என்று ஏதாவது இதை முன்கூட்டியே காட்டிக்கொடுத்ததா?

வெள்ளைச் சப்பாத்து (வடமராட்சி, தாதி):
தங்கச்சி, அப்பாவின் 98 பொய்யில்லை. அந்த மெஷினிடம் கேட்ட கேள்விதான் வேறு. வருகிற இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று அது சொல்லும்; எவ்வளவு இரத்தம் வருகிறது என்று சொல்லாது. கால்விரலில் மாட்டினாலும், இரத்தோட்டம் நன்றாகக் குறையும்வரை அந்த எண் நல்லதாகவே நிற்கலாம்.

அப்புறம், கணுக்கால் கணக்கும் சிலரிடம் ஏமாற்றும். நெடுநாள் சலரோகம், சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கு நாடிச் சுவரில் சுண்ணாம்புச் சத்துப் படிந்து விறைத்துவிடும். பட்டியை எவ்வளவு இறுக்கினாலும் நாடி அமுங்காது, 1.4க்கு மேலும் காட்டும். அப்படியானவர்களுக்குக் கால் பெருவிரலில் சின்னப் பட்டி கட்டி, ஒளி சென்சர் ஒட்டி அளப்பார்கள். விரல் நாடிகள் அவ்வளவு விறைப்பதில்லை. அங்கே 0.7க்குக் கீழே வந்தால் யோசிக்கத்தான் வேண்டும். ஒரு ஐயாவை மறக்க முடியாது. கணுக்காலில் 1.5 என்றதும் மகன் எழும்பிச் செருப்பைப் போடத் தொடங்கிவிட்டார். பெருவிரலில் 0.4. சுண்டுவிரல் இடுக்கில் ஆறாத புண் ஒன்று, நகத்தளவுதான், விளிம்பு கறுத்திருந்தது. விரலை விரித்துக் காட்டும்வரை ஐயாவுக்கே தெரியாது.

கிளிநொச்சிப் பெடியன் (பொறியியல் பீடம்):
அக்கா, எங்கள் இறுதியாண்டு புரொஜெக்ட் இதோடு மல்லுக்கட்டியதுதான். பாதத்துக்கு அடியில் வெப்ப சென்சர்கள் வைத்த காலுறை. சலரோகக்காரரின் இரண்டு பாதங்களிலும் ஒரே இடத்தை ஒப்பிட்டு, 2.2 பாகை செல்சியசுக்கு மேல் வித்தியாசம் நீடித்தால், சூடான பக்கத்தில் அழற்சி, புண் வரக்கூடும் என்று எடுப்பது வழக்கம். குளிர்ந்த பக்கத்தை வைத்து இரத்தோட்டக் குறைவையும் பிடித்துவிடலாம் என்பது எங்கள் எண்ணம். அம்மம்மாவின் கால்களில் போட்டுப் பார்த்த அன்று இடது பக்கம் விடாமல் அலாரம் அடித்தது. மேசை விசிறி அந்தப் பக்கம்! அதைத் திருப்பினால் கிணற்றடி ஈரம், அது காய்ந்தால் சிமெந்துத் தரை. சித்திரை வெயிலில் இரண்டு காலும் ஒரே சூடு, ஒன்றும் பிரித்தறிய முடியாது. போதாக்குறைக்கு, இரத்தம் குறைந்த காலில் புண்ணும் பழுத்தால் குளிரும் சூடும் ஒன்றையொன்று மறைத்துவிடலாம்.

பிறகு ஒளி சென்சருக்கு மாறினோம். ஒக்சிமீற்றரில் இருக்கிற அதே சங்கதிதான், ஜப்பானியர் தக்குவோ அவோயாகி 1974இல் முன்வைத்த வழி. ஆனால் ஒட்சிசனை விட்டுவிட்டு, இரண்டு பெருவிரல்களிலும் துடிப்பலையின் உயரத்தையும் அது வந்து சேரும் நேரத்தையும் ஒப்பிட்டோம். அடைப்புள்ள பக்கத்தில் அலை தாழ்ந்து, மழுங்கி, பிந்தி வரும். ஆள் அசையாமல் படுத்திருந்தால் வடிவாக வரும். நடந்தால் வெறும் குப்பை. கையில் கட்டுகிற வோச்சுக்குக் காலைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்று கனடா அண்ணைக்குச் சொல்லுங்கோ.

நல்லூரடி:
என் அம்மாவுக்கு நடந்தால் உளைவே கிடையாது, காலில் உணர்ச்சி இருந்தால்தானே! திருவிழாவுக்கு வெறுங்காலோடு போய் மத்தியான மணலில் நின்றுவிட்டு வந்தா. கொப்புளம் உடைந்து இரவு பாய் நனைந்தபோதுதான் தெரிந்தது. 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற நைலோன் இழையால் பாதத்தைத் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கிற சோதனை ஒன்று இருக்கிறது. முதலில் அதைக் கேட்டுச் செய்வியுங்கள், மெஷின் எல்லாம் பிறகு பார்க்கலாம்.

வடலி:
நன்றி அக்கா, தம்பி. அப்பாவுக்குக் கொழுப்புக்கும் இரத்தம் கட்டியாகாமல் இருக்கவும் குளிசை தந்திருக்கிறார்கள். பிடிக்கும்வரை நடந்து, நின்று, மறுபடி நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். வலிக்கிற காலோடு நடப்பதே வைத்தியம் என்பதை அவர் நம்பத்தான் நாளெடுத்தது. ஒரு கேள்வி: வீட்டு பிரஷர் மெஷினைக் கணுக்காலில் கட்டிப் பார்க்கலாமா?

வெள்ளைச் சப்பாத்து:
கட்டலாம், நம்ப முடியாது. அந்த மெஷின் பட்டிக்குள் வரும் அதிர்வை வைத்துக் கணக்குப் போடுகிறது. துடிப்புப் பலவீனமான காலில் ஒன்றில் எண்ணே வராது, அல்லது உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். இரவில் கால் வலித்து, கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால் சுகமாயிருக்கிறது என்று அப்பா சொல்லத் தொடங்கினால் அடுத்த கிளினிக் திகதிவரை பார்த்திருக்க வேண்டாம். கால் திடீரென்று வெளிறி, குளிர்ந்து, விரல் அசைக்க முடியாமல் போனால் கையில் இருப்பது ஆறு மணித்தியாலம் மட்டில்தான். பிறகு தசை சாகத் தொடங்கிவிடும். அந்த நேரம் ஒக்சிமீற்றரைத் தேடாமல், ஆட்டோவைப் பிடித்து நேரே போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.