ஸ்ப்ரே பெயிண்ட் வெளுத்துப்போவதற்கு என்ன சொல்?

குன்னூரிலிருந்து:

வணக்கம் ஐயா. மாதிரிக் கார் பாடிக்கு எந்த ஸ்ப்ரே பெயிண்ட் வாங்குவது என்று எழுதிவரும் குறிப்பு ஒரு சொல்லில் முட்டி நிற்கிறது. ஐப்பசி மழையில் பளபளப்புக் கறுப்பு அடித்தால், காயும்போதே பால் தெளித்தாற்போல் வெண்படலம் ஏறிவிடுகிறது. ஆங்கிலத்தில் 'பிளஷிங்'. நான் 'பனிப்பூப்பு' என்று போட்டிருக்கிறேன். 'வெளுப்பு' போதாதா என்கிறார் இன்னொரு நண்பர்.

ஊட்டியிலிருந்து:

தம்பி, 'வெளுப்பு' என்றால் வெயிலில் நிறம் மங்கியதாகத்தான் படிப்பவர் நினைப்பார். அதற்கு மருந்தே வேறு.

'பனி'யும் இடிக்கிறது. இங்கே உறைபனி விழுவது பெரும்பாலும் மார்கழி, தையில். விடியலில் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும், மதியம் வெயில் சுள்ளென்று அடிக்கும், காற்றும் வறண்டிருக்கும். ஸ்ப்ரே அடிக்க அதைவிட நல்ல மதியம் கிடைக்காது. பெயரில் பனி இருந்தால் அந்த மாதத்தில் பயந்து கேனை எடுக்காமல் இருந்துவிட்டு, மழைக்காலத்தில் துணிந்து அடிப்பார்கள்.

நடப்பது என்ன? லாக்கர் பெயிண்ட் என்பது கரைப்பான் ஆவியாவதாலேயே காய்கிற பெயிண்ட். அந்தக் கரைப்பான் சட்டென்று ஆவியாகிறது. போகும்போது பூச்சின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ச்சியே போதும், நீர் வந்து பூச்சின்மேல் படிந்துவிடும். அது படலத்துக்குள் சிக்கி ஒளியைச் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. ஆகவே பெயரில் வரவேண்டியது ஈரம். சுவரில் உப்புப் பூக்கிறது என்கிறோமே, அதேபோல் 'ஈரம் பூத்தல்' என்று வைத்தால் என்ன?

இன்னொன்றையும் பிரித்துக் காட்ட வேண்டும். ரிமோட் காரின் பாடி பாலிகார்பனேட் பிளாஸ்டிக், உள்பக்கமாக அடிப்பது. அலமாரியில் வைக்கும் மாதிரி பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக், வெளியே அடிப்பது. மாதிரிக் கார்களும் அவற்றுக்கான பெயிண்டும் விற்கும் டாமியா நிறுவனத்தில் முன்னதற்குப் பி.எஸ். வரிசை, பின்னதற்கு டி.எஸ். வரிசை. டி.எஸ்.ஸை பாலிகார்பனேட்டில் அடித்தால், பாடி வளையும்போது பெயிண்ட் செதில் செதிலாக உதிரும். அசிட்டோன் போன்ற கடுமையான கரைப்பான் பட்டால் பாலிகார்பனேட்டே மங்கிவிடும், அது திரும்பாது. ஈரம் பூத்ததோ பலசமயம் திரும்பும்: காற்று வறண்ட நாளில், காய்வதைத் தாமதப்படுத்தும் கரைப்பானான ரிடார்டரை மெல்லிசாக ஒரு கை அடித்தால் படலம் இளகி, சிக்கிய நீர் வெளியேறும். சரிசெய்யக் கூடியதற்கும் கூடாததற்கும் ஒரே பெயர் வைத்துவிடாதீர்கள்.

குன்னூரிலிருந்து:

காரணம் புரிந்தது ஐயா. ஆனால் கலைச்சொல் ஒரே சொல்லாக இருந்தால்தானே அகராதியில் நிற்கும்? 'ஈரப்பூப்பு' என்று சுருக்கலாமா?

கேனை வெந்நீரில் வைப்பதை இந்தப் பதிவிலேயே சேர்க்கட்டுமா?

ஊட்டியிலிருந்து:

'பூப்பு' என்றதும் மஞ்சள் நீராட்டுதான் நினைவுக்கு வரும். குறிப்பைப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். இரண்டு சொல்லாகவே இருக்கட்டும், அகராதி இடம் கொடுக்கும். பட்டறையில் "பெயிண்ட் ஈரம் பூத்திருச்சு" என்று வாயில் வருகிறதா என்று பாருங்கள். 'ஈரப்பூப்பாயிருச்சு' என்று யாரும் சொல்லப் போவதில்லை.

கேன் விஷயம் தனிப் பதிவு. குளிரில் கேனுக்குள் அழுத்தம் குறைந்து துளி பெரிதாகிச் சிதறும், அதற்கும் ஈரத்துக்கும் சம்பந்தம் இல்லை. வெதுவெதுப்பான நீர் என்று எழுதுங்கள். 'வெந்நீர்' என்று போட்டால் அடுப்பில் ஏற்றுகிறவர்களும் உண்டு, கேன் வெடிக்கும்.

ரிடார்டருக்குத் தமிழ் தேட வேண்டாம். கடையில் அந்தப் பெயரைச் சொன்னால்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

குன்னூரிலிருந்து:

சரி ஐயா, இப்படி மாற்றிவிட்டேன்:

ஈரம் பூத்தல்: லாக்கர் பூச்சு ஈரக்காற்றில் காயும்போது, கரைப்பான் ஆவியாவதால் குளிர்ந்து, நீர் படிந்து வெண்மையாதல். கறுப்பிலும், நிறமில்லா மேல்பூச்சான கிளியர் கோட்டிலும் பளிச்சென்று தெரியும்.