புதுப்பிப்பு: சென்சார் அமைப்புக் கோப்புகள் ஒருவழியாக ஒழுங்குக்கு வந்தன

லினக்ஸ் கணினியில் வெப்பநிலை, விசிறி வேகம், மின்னழுத்தம் ஆகியவற்றைக் காட்டும் எல்எம்-சென்சார்ஸ் மென்பொருளை மேம்படுத்தும்போதெல்லாம் சென்சார்களுக்கு நான் வைத்த பெயர்கள் காணாமல் போவதாகச் சென்ற வாரம் புலம்பியிருந்தேன். தவறு என்னுடையதுதான், மேம்படுத்தும்போது மாற்றி எழுதப்படும் பொது அமைப்புக் கோப்பிலேயே கை வைத்திருக்கிறேன். இப்போது அதைத் தொடுவதில்லை. சென்சார்ஸ்.டி அடைவில் தாய்ப்பலகைக்கென்று தனிக் கோப்பு வைத்துவிட்டேன். பொதுக் கோப்புக்குப் பிறகு அது படிக்கப்படுவதால் என் வரிகளே செல்லுபடியாகின்றன. 'ஃபேன்2' இனி 'பின்பக்க விசிறி'. எதுவும் இணைக்காத முனையிலிருந்து வந்த 127 டிகிரி என்ற பேய் வெப்பநிலையும் ஒரே 'இக்னோர்' (புறக்கணி) வரியில் ஒழிந்தது.

அரை நாளைத் தின்றது மின்னழுத்தத்துக்கான எச்சரிக்கை எல்லைதான். கோப்பில் 'செட்' (மதிப்பை அமை) வரியில் எழுதியும் மாறவில்லை. ரூட் (நிர்வாகி) உரிமையுடன் 'சென்சார்ஸ் -எஸ்' கட்டளையை இயக்கினால்தான் அது சென்சார் சிப்புக்குள் போகும். கையேட்டில் தெளிவாகவே இருக்கிறது, யார் படித்தார்கள்?