நாய், பூனை, வீட்டுச் சாமானோடு கலிஃபோர்னியாவிலிருந்து ஹொனலுலு: எதை முதலில் தொடங்குவது?

சான்ஹோசே_குடும்பம் (கேள்வி, பிப்ரவரி 24)

அனைவருக்கும் வணக்கம். வேலை மாற்றலில் ஜூன் 20 வாக்கில் சான் ஹோசேயிலிருந்து ஹொனலுலுவுக்குக் குடிபோகிறோம். கூட வருபவை:

லாப்ரடார் கலப்பு நாய், 28 கிலோ. மைக்ரோசிப் இருக்கிறது. ரேபிஸ் ஊசி இரண்டு முறை போட்டாயிற்று. ஆனால் முதல் ஊசிச் சான்றிதழ் தொலைந்துவிட்டது, போட்ட கிளினிக்கையும் மூடிவிட்டார்கள். இரண்டாவது போன அக்டோபரில் போட்டது, 3 வருடம் செல்லும்.

வீட்டுப் பூனை, 4 கிலோ. போன செப்டம்பரில் ஒரே ஒரு ரேபிஸ் ஊசி. சிப் இல்லை.

மகளின் ஹாம்ஸ்டர் ஒன்று.

இரண்டு படுக்கையறை வீட்டுச் சாமான். வெட் கிரைண்டர், பித்தளை விளக்குகள், 15 பெட்டி புத்தகம், பட்டுப் புடவைகள். கடன் முடியாத கார் ஒன்று. ஆறு வருடமாக வளர்க்கும் கறிவேப்பிலைத் தொட்டி ஒன்று.

விமான டிக்கெட்டா, கப்பலா, வீடா, எதை முதலில் பதிவு செய்வது? பூனையை 120 நாள் அடைத்துவைப்பார்கள் என்று ஒருவர் சொன்னதிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை.

---

வெட்_டெக்_சாந்தி (பதில் 1)

120 நாள் அடைப்பு உண்மைதான். ஆனால் அது காகிதம் சரியில்லாத பிராணிக்கு. அமெரிக்க மாநிலங்களில் ரேபிஸ் இல்லாத ஒரே மாநிலம் ஹவாய், அதனால்தான் இவ்வளவு கெடுபிடி. எல்லாம் சரியாக இருந்தால் இறங்கிய அன்றே விமான நிலையத்திலேயே கையில் கொடுத்துவிடுவார்கள்.

டிக்கெட்டும் வேண்டாம், கப்பலும் வேண்டாம். முதலில் பூனையின் ரத்தப் பரிசோதனைத் தேதியைப் பிடியுங்கள். மற்ற எல்லாத் தேதியும் அதில்தான் தொங்குகிறது.

விதி இதுதான். வாழ்நாளில் குறைந்தது இரண்டு ரேபிஸ் ஊசி, இரண்டுக்கும் நடுவே 30 நாளாவது இடைவெளி. கடைசி ஊசி போட்டு 30 நாளாவது ஆன பிறகே தீவில் இறங்க வேண்டும், அன்றைக்கு ஊசி காலாவதியாகியும் இருக்கக் கூடாது. சிப் வைத்த பிறகுதான், ரேபிஸ் எதிர்ப்புச்சக்தியை அளக்கும் எஃப்ஏவிஎன் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்க வேண்டும். முடிவு 0.5 அல்லது அதற்கு மேல் வர வேண்டும். மாதிரி ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 30 நாள் காத்திருப்பு. ரத்தம் எடுத்த நாளை வைத்து எண்ணி டிக்கெட் போட்டுவிட்டுக் கையைப் பிசைகிறவர்கள்தான் அதிகம்.

பூனைக்கு நாள் போட்டுப் பார்ப்போம். மார்ச் 2: சிப், இரண்டாவது ஊசி, ஒரே நாளில். மார்ச் 23: ரத்தம். மூன்று வாரம் விடுவது எதிர்ப்புச்சக்தி நன்றாக ஏறட்டும் என்றுதான். அவசரப்பட்டு ஒரே வாரத்தில் எடுத்தால் 0.5க்குக் கீழே வந்து, முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். மார்ச் 25 ஆய்வகத்தில் சேர்ந்தால் ஏப்ரல் 25க்குப் பிறகு எந்த நாளிலும் இறங்கலாம். ஜூன் 20க்கு இன்னும் எட்டு வாரம் கையில் இருக்கும். அந்த இடைவெளி கையிருப்பாகவே இருக்கட்டும், ஆய்வகத்தில் வேலை குவிந்தால் முடிவு வரவே பல வாரம் ஆகும்.

நாய்க்கு: தொலைந்த சான்றிதழைத் தேடி அலைய வேண்டாம். அக்டோபர் ஊசிக்குச் சான்றிதழ் இருக்கிறதல்லவா? இப்போது இன்னொரு ஊசி போட்டால் அந்த இரண்டும் கணக்காகிவிடும். பூனையோடு சேர்த்து மார்ச் 2ஆம் தேதியே போட்டு, மார்ச் 23 அன்று அதற்கும் ரத்தம் எடுத்துவிடுங்கள்.

சான்றிதழ் என்றால் கிளினிக் பில் இல்லை. மருந்தின் பெயர், லாட் எண், போட்ட தேதி, காலாவதி, மருத்துவர் பேனாவால் போட்ட கையெழுத்து, இத்தனையும் உள்ள மூலப் பிரதி.

ரத்தம் எடுக்கும் அறையில் ஒன்று மட்டும் கூடவே நின்று பாருங்கள். முதலில் சிப்பை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். ஸ்கேனர் திரையில் வரும் 15 இலக்கத்தை நீங்கள் வாய்விட்டுப் படியுங்கள், அவர்கள் பரிசோதனைப் படிவத்தில் எழுதியதோடு ஒப்பிடட்டும். பழைய கோப்பிலிருந்து பார்த்து எழுதும்போது நடுவில் 8ம் 3ம் இடம் மாறும். ஒரு இலக்கம் பிசகினால் அந்தப் பரிசோதனை உங்கள் பூனையுடையதே இல்லை என்று ஆகிவிடும். படிவத்தில் போகுமிடம் 'ஹவாய்' என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்போதுதான் முடிவு நேராக ஹவாய் வேளாண்துறைக்குப் போகும். சிப் எண்ணை அவர்கள் தளத்தில் தேடினால், எந்தத் தேதியிலிருந்து வரலாம் என்பதும் தெரியும். அதைக் கண்ணால் பார்த்த பிறகு டிக்கெட் போடுங்கள்.

---

வெட்_டெக்_சாந்தி (தொடர்ச்சி)

காகிதக் கட்டு: ஏக்யூஎஸ்-279 படிவம் (நாய், பூனையை ஹவாய்க்குக் கொண்டுவருவதற்கானது), இரண்டு ஊசிச் சான்றிதழ்கள், கட்டணம். இறங்குவதற்கு 10 நாள் முன்பாவது ஹவாய் வேளாண்துறையின் கைக்குப் போயிருக்க வேண்டும். நீங்கள் மே நடுவிலேயே, ஒப்புகை வரும் தபாலில் அனுப்பிவிடுங்கள். நேரடி விடுவிப்புக்கு ஒரு பிராணிக்கு 185 டாலர். காகிதம் தாமதமானால் 244, அதோடு பிராணி ஹலாவா பள்ளத்தாக்கில் உள்ள அடைப்பு நிலையத்துக்குப் போகவும் நேரும். தகுதியே இல்லாமல் போய் 120 நாள் இருந்தால் 1,080 டாலர். அனுப்பும் அன்று கட்டண விவரத்தை ஒரு முறை சரிபாருங்கள். சொந்தக் காசோலை செல்லாது.

உடல்நலச் சான்றிதழ் இறங்கும் நாளுக்கு 14 நாளுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். உங்கள் கணக்குக்கு ஜூன் 6க்கு முன் வாங்கினால் வீண். அதே 14 நாளுக்குள் உண்ணி மருந்து போட்டு, மருந்தின் பெயரும் தேதியும் அந்தச் சான்றிதழிலேயே ஏற வேண்டும். மூலத்தைப் பையில் கையோடு கொண்டுபோங்கள்.

---

அலோஹா_முருகன் (பதில் 2)

உண்ணிக்கு எங்கள் பூனைகளுக்கு வழக்கமாகப் போடுகிற ரெவல்யூஷன் போதாதா? அது உண்ணிக்கும் சேர்த்துத்தானே?

---

வெட்_டெக்_சாந்தி

போதாது. ரெவல்யூஷனை ஏற்கமாட்டோம் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். ஃபிப்ரோனில் கலந்ததோ அதற்கு இணையாக நீண்ட நாள் உண்ணியைக் கொல்வதோ வேண்டும். பூனைக்கு எழுதியதைத்தான் பூனைக்குப் போட வேண்டும். நாய்க்கான சில உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும், அது பூனைக்கு உயிராபத்து. இரண்டும் ஒரே வீட்டில் இருப்பதால் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

---

கூண்டுக்கணக்கு (பதில் 3)

பயணப் பகுதியை நான் சொல்கிறேன்.

28 கிலோ நாய் விமானத்தின் அடியறையில்தான் வரும். கூண்டைக் கடையில் கண்மதிப்பில் வாங்காதீர்கள், அளந்து வாங்குங்கள். மூக்கு நுனியிலிருந்து வால் அடிவரை ஒரு அளவு, தரையிலிருந்து முழங்கை மூட்டுவரை ஒரு அளவு, தோள் அகலம், நின்றால் தலை உச்சிவரை உயரம். கூண்டின் உள் நீளம் என்பது முதல் அளவோடு இரண்டாவதில் பாதி. அகலம் தோளைப் போல இரு மடங்கு. உயரம் தலை உச்சியோடு விரிப்பின் கனம். 82, 32, 25, 66 செ.மீ. என்று வந்தால் 98 நீளம், 50 அகலம், 3 செ.மீ. விரிப்போடு 69 உயரம். கடையில் '500' என்று விற்கும் அளவை அளவு நாடாவோடு போய்ப் பாருங்கள். வெளி அளவை மட்டும் எழுதி ஒட்டியிருப்பார்கள், உள்ளே சில செ.மீ. குறையும்.

மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் சேர்க்கும் பிளாஸ்டிக் கொக்கிகளை எடுத்துவிட்டு உலோக போல்ட்டும் நட்டும் போடுங்கள். பயந்த நாய் உள்ளிருந்து முட்டும்போது முதலில் தெறிப்பது அந்தக் கொக்கிதான். தண்ணீர்க் கிண்ணத்தைக் கதவில் மாட்டி, முந்தின இரவு ஃப்ரீசரில் வைத்து உறையவிடுங்கள். ஏற்றும்போது சிந்தாது, பறக்கும்போது மெல்ல உருகி நக்கக் கிடைக்கும். தூக்க மருந்து மட்டும் கொடுக்கவே வேண்டாம். ரத்த அழுத்தமும் மூச்சும் இறங்கும், அடியறையில் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. அதற்குப் பதில் இன்றைக்கே கூண்டை வீட்டில் திறந்துவைத்து அதற்குள்ளேயே சோறு வையுங்கள். ஜூனுக்குள் அதுவே தன் இடம் என்று போய்ப் படுத்துக்கொள்ளும்.

ஜூன் என்பதால் வெயில் தடையைக் கவனியுங்கள். புறப்படும் இடத்திலோ இறங்கும் இடத்திலோ வெப்பம் 85 ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் என்றால் பல நிறுவனங்கள் அடியறையில் பிராணியை ஏற்றுவதில்லை. எனவே காலை விமானம். அதில் இன்னொரு லாபமும் உண்டு: ஹொனலுலு கோடையில் உங்களுக்கு 3 மணி நேரம் பின்னால், பயணம் சுமார் ஐந்தரை மணி. காலை 8க்குக் கிளம்பினால் அங்கே பத்தரை. விமான நிலையத்துப் பிராணி மையம் மாலை 5 வரைதான். அங்கே கொண்டுசேர்க்கவே ஒரு மணி நேரம் போகும் என்பதால் மூன்றரைக்கு மேல் இறங்கும் விமானமே வேண்டாம். தவறினால் இரவு அங்கேதான், அதற்குத் தனிக் கட்டணம்.

பூனையை இருக்கைக்கு அடியில் வைக்க விடுகிற நிறுவனமும் உண்டு, ஹவாய் வழித்தடத்தில் மட்டும் மறுக்கிற நிறுவனமும் உண்டு. டிக்கெட்டுக்கு முன் போனில் கேட்டு, பிராணிக்கும் இடம் பதிவாகிவிட்டதா என்று உறுதிசெய்யுங்கள். பாதுகாப்புச் சோதனையில் பூனையைப் பையிலிருந்து வெளியே எடுக்கச் சொல்வார்கள், தனி அறை கேட்டு வாங்குங்கள். உடம்பில் வார்ப்பட்டை போட்டே கொண்டுபோங்கள். உங்கள் காலடியிலேயே வந்தாலும், இறங்கியதும் நீங்களாகத் தூக்கிக்கொண்டு வெளியே போக முடியாது. விமான நிறுவன ஆள் வாங்கி மையத்துக்குக் கொண்டுபோவார், அங்கே போய்த்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஹாம்ஸ்டர் முடியாது. ஹவாயில் அது தடை செய்யப்பட்ட பிராணி. தப்பி வெளியே போனால் அங்கத்திய தட்பவெப்பத்தில் பெருகிவிடும் என்பது காரணம். வேண்டுமென்றே கொண்டுபோனால் 2 லட்சம் டாலர்வரை அபராதம், 3 வருடம்வரை சிறை. மகளுக்கு இப்போதே சொல்லி, அவளுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அவளே கொண்டுபோய் விடும்படி செய்யுங்கள். கடைசி வாரத்தில் சொன்னால் குழந்தைக்கு ரொம்பவும் கஷ்டம்.

---

சரக்கு_சிவா (பதில் 4)

சாமானுக்கு வருகிறேன். அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்துக்குப் போகும் சரக்கு, 1920ஆம் வருட ஜோன்ஸ் சட்டப்படி அமெரிக்காவில் கட்டிய, அமெரிக்கக் கொடியுள்ள கப்பலில்தான் போக வேண்டும். ஹவாய்க்கு அப்படி ஓட்டுகிற பெரிய நிறுவனங்கள் மேட்சன், பாஷா என இரண்டுதான். அதனால் கப்பலில் ஏற்றும் ஒவ்வொரு கன அடிக்கும் யோசிக்க வேண்டும்.

20 அடி கண்டெய்னரின் கொள்ளளவு கிட்டத்தட்ட 1,170 கன அடி. முழுச் சாமானையும் எடுத்தால் அது ஏறக்குறைய நிரம்பும். எடுக்காமல் விட்டால் என்ன மிச்சம் என்று பாருங்கள்: 60க்கு 80 அங்குலம், 10 அங்குலக் கனமுள்ள ஒரு மெத்தையே 28 கன அடி. சோபா, மெத்தை, அழுத்துமரத் தட்டுகளை இங்கேயே விற்றுவிட்டால் மீதி 300 கன அடிக்குள் வரும், கண்டெய்னரில் பங்கு இடம் போதும். பங்கு இடத்துக்குக் கன அடிக் கணக்கில் விலை கேளுங்கள். இங்கே வீட்டுவாசலில் எடுப்பதும் அங்கே வாசலில் இறக்குவதும் அந்த விலைக்குள் அடங்குமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

கிரைண்டரில் கல்லை வெளியே எடுத்துத் தனிப் பெட்டியில் வையுங்கள். பாத்திரத்துக்குள்ளேயே விட்டால் ஒரு குலுக்கலில் தண்டு வளைந்துவிடும். மின்சாரம் அங்கேயும் இதே 120 வோல்ட், தொல்லை இல்லை. புத்தகத்துக்குத் தபால்துறையின் மீடியா மெயில் கப்பலைவிடச் சில சமயம் மலிவாகவே வரும். பெட்டிக்கு 70 பவுண்டுவரை ஏற்பார்கள், நீங்கள் 40க்கு மேல் அடுக்காதீர்கள், அடி கிழிந்துவிடும். பட்டுப் புடவையைக் கப்பலில் போடாமல் கைப்பெட்டியில் கொண்டுபோங்கள். கடல் ஈரத்தில் ஜரிகை கறுக்கும், மடிப்பில் பூஞ்சை பிடிக்கும். அங்கே போன பிறகும் பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா பொட்டலம் போட்டு, மாதம் ஒரு முறை மடிப்பு மாற்ற வேண்டும்.

கார்: கடன் கொடுத்த வங்கியிடமிருந்து 'தீவுக்குக் கொண்டுபோக ஆட்சேபமில்லை' என்ற கடிதம் வேண்டும். இது இல்லாமல் துறைமுகத்துக்குக் காரைக் கொண்டுபோனால் வரிசையிலேயே திருப்பி அனுப்புவார்கள், வங்கியோ வாரக்கணக்கில் இழுக்கும். ஏப்ரலிலேயே கேளுங்கள். டேங்கில் கால் பங்குக்கு மேல் பெட்ரோல் கூடாது. உள்ளே சாமான் எதுவும் கூடாது. சக்கர வளைவிலும் அடியிலும் மண் ஒட்டியிருக்கக் கூடாது, கழுவிக் கொண்டுபோங்கள். கண்ணாடியில் ஒட்டிய சுங்க அட்டையைக் கழற்றிவிடுங்கள். அங்கே சேர்ந்ததும் கப்பல் ரசீதைப் பத்திரமாக வையுங்கள், பதிவுக்குக் கேட்பார்கள். அங்கே பதிவு செய்யவோ வெளிமாநில வண்டிக்கான அனுமதி வாங்கவோ 30 நாள்தான் கெடு.

---

சான்ஹோசே_குடும்பம்

மிக்க நன்றி. மார்ச் 2க்கு இருவருக்கும் கிளினிக்கில் நேரம் வாங்கிவிட்டோம். கறிவேப்பிலைத் தொட்டியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? மண்ணை உதறிவிட்டு வேரோடு கொண்டுபோனால் விடுவார்களா?

---

சரக்கு_சிவா

வேண்டாம் அண்ணே. மண் எப்படியும் கூடாது. மண் இல்லாவிட்டாலும் கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. ஆசிய எலுமிச்சைச் சாறுறிஞ்சிப் பூச்சி அதில் தங்கும், அது பரப்பும் பசுமைநோய் எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழித்துவிடும். அதனால் கலிஃபோர்னியாவில் பூச்சி கண்ட பகுதிகளிலிருந்து அந்தச் செடியை வெளியே நகர்த்தவே தடை இருக்கிறது. ஆறு வருடச் செடி, பிரிவது வருத்தம்தான். அதே பகுதியில் இருக்கும் தமிழ் வீடு ஒன்றுக்குக் கொடுத்துவிடுங்கள். ஹொனலுலு இருக்கும் ஓவாஹு தீவில் கறிவேப்பிலை நன்றாக வளர்கிறது, அங்கேயே நாற்று வாங்கலாம். ஹவாய் போகும்போது தாவரம், உணவு பற்றிய அறிவிப்புப் படிவம் நிரப்ப வேண்டும். அரிசி, பருப்பு, மசாலாப் பொடியைத் தயங்காமல் எழுதுங்கள். எழுதாமல் விட்டால்தான் தொல்லை.

---

அலோஹா_முருகன்

வீடு பார்க்கும்போது ஒன்று. பிராணி அனுமதிக்கும் வாடகை வீடு ஹொனலுலுவில் குறைவு, அதிலும் எடை வரம்பு போடுகிற கட்டடங்கள் நிறைய. 28 கிலோவை முதல் மின்னஞ்சலிலேயே எழுதி, ஒப்பந்தத்தில் 'ஒரு நாய், ஒரு பூனை' என்று எழுதி வாங்கிய பிறகே முன்பணம் அனுப்புங்கள். வாய்ச்சொல்லை நம்பி வந்தால், மேலாளர் மாறியதும் பேச்சு மாறும்.