ஞாயிற்றுக்கிழமை வரும் தைரியம் செவ்வாய்க்கிழமைக்குள் போய்விடுகிறது, என்ன செய்வது?

உவர்மலைப்பிள்ளை:
எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலையில் இருக்கிறேன், வயது 27. அப்பா போன மார்கழியில் தவறிவிட்டார், அன்றிலிருந்து வீட்டுப் பொறுப்பு முழுவதும் என் தலையில். ஞாயிறு ஆராதனையில் பாடும்போது நெஞ்சு நிறைந்துவிடும், இனிப் பயமில்லை என்றுகூட நினைப்பேன், ஆனால் செவ்வாய்க்கிழமை அடகுக்கடை ரசீதையும் தம்பியின் வகுப்புக் காசையும் பார்த்ததும் எல்லாம் வடிந்துவிடும். காலையில் வட்ஸ்அப்பில் வரும் வசனங்களை வாசிக்காமலே தள்ளிவிடுகிறேன். சபையில் ஒருவரிடம் சொன்னேன், "உனக்கு விசுவாசம் குறைவு, இன்னும் ஜெபி" என்றார். அது இன்னும் குத்துகிறது. நிலையான நம்பிக்கையோடு இருக்கும் ஆட்கள் உண்மையிலேயே இருக்கிறார்களா? எப்படி?

நிலாவெளிக்காரன்:
தங்கச்சி, எங்களுடையது கடற்றொழில் குடும்பம். எபிரெயர் 6:19 நம்பிக்கையை ஆத்துமாவின் நங்கூரம் என்கிறது. நங்கூரம் போட்ட வள்ளம் ஆடாது என்று எங்கள் கரையில் யாரும் சொல்ல மாட்டார்கள். வாடைக்காற்றில் நன்றாகவே ஆடும், தண்ணீரும் உள்ளே அடிக்கும், ஆனால் இடம் மாறாது. காற்று கூடினால் கயிற்றை இன்னும் நீளமாக விடுவோம், இழுத்துக் கட்டினால் நங்கூரம் பிடி விட்டுவிடும். அந்த வசனத்தில் நங்கூரம் திரைக்குள்ளே, அதாவது கடவுளின் சந்நிதியில், இயேசு நமக்கு முன்னே போயிருக்கும் இடத்தில் விழுந்திருக்கிறது. உங்கள் செவ்வாய்க்கிழமை மனநிலை அதைப் பிடுங்க முடியாது. எனக்கு இது விளங்கவே பத்து வருடம் எடுத்தது.

செபமாலை அம்மா:
மகள், நான் கத்தோலிக்கம். 2004 மார்கழி 26, நத்தாருக்கு மறுநாள் ஞாயிறு, கடல் என் அக்காவையும் அவள் பிள்ளையையும் கொண்டுபோனது. அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் ஒரு "அருள் நிறைந்த மரியே" கூட எனக்கு வாயில் வரவில்லை. அயல் பெண்கள் பின்னேரம் வந்து முற்றத்தில் செபமாலை சொல்வார்கள், நான் மணியைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பேன். நீயும் சொல் என்று ஒருவரும் நெருக்கவில்லை. மாற்கு 2இல் கூரையைப் பிரித்து முடக்குவாதக்காரனை இறக்கினார்களே நாலு பேர், இயேசு அங்கே பார்த்தது அவர்களுடைய விசுவாசத்தை என்று எழுதியிருக்கிறது. படுக்கையில் கிடந்தவன் ஒரு வார்த்தை பேசியதாக இல்லை. அந்த நாட்களில் என்னைத் தூக்கியது அந்தப் பெண்கள்தான். உனக்கு யார் இருக்கிறார்கள்?

கன்னியா வாசகர்:
இரண்டு பேர் சொன்னதும் சரி. எலியா தீர்க்கதரிசி செத்தால் போதும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்தபோது (1 இராஜாக்கள் 19) தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. தணலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான், திரும்பவும் தூங்க விட்டான். நீங்கள் ஒழுங்காகத் தூங்குகிறீர்களா, சாப்பிடுகிறீர்களா? தூக்கமே இல்லாமல் வாரக்கணக்கில் போனால் டொக்டரிடம் போங்கள், இல்லாவிட்டால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள், அதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை. அப்புறம், ஜெபம் வராத நாளில் சங்கீதம் 88ஐச் சத்தமாக வாசியுங்கள். தொடக்கத்திலிருந்து முடிவுவரை புலம்பல்தான், ஆறுதலாக முடிவதுகூட இல்லை. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது.

உவர்மலைப்பிள்ளை:
வாசித்து அழுதுவிட்டேன். 88ஆம் சங்கீதத்தை நேற்று இரவு அம்மாவோடு வாசித்தேன், அம்மா நடுவில் நிறுத்தி "அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்கள் இப்படித்தான் இருந்தது" என்றார். இத்தனை மாதத்தில் நாங்கள் இரண்டு பேரும் அப்பாவைப் பற்றிப் பேசியது இதுதான் முதல் தடவை. செபமாலை அம்மா, நான் கத்தோலிக்கம் இல்லை, செபமாலை சொல்லத் தெரியாது. ஒரு பின்னேரம் உங்கள் முற்றத்தில் வந்து சும்மா இருக்கலாமா?

செபமாலை அம்மா:
வா மகள். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா, தேத்தண்ணி ஊற்றி வைக்கிறேன்.